சம்மன் போகாத இடத்துக்குக் கடிதம் போகும்

வாசகர் கேள்வி – பதில்

தேசிய மனித உரிமை ஆணையங்கள் நாடு கடந்து ஒன்றோடொன்று எப்படி வேலை செய்கின்றன என்று கேட்டு வந்த கடிதங்களை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம். தனிநபர்களை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டோம்.

ஓர் ஆணையத்துக்கு அதன் நாட்டுச் சட்டம்தான் அதிகாரம் தருகிறது. அப்படியிருக்க, இன்னொரு நாட்டு ஆணையத்தோடு சேர்ந்து செயல்பட என்ன அடிப்படை? வெறும் நல்லெண்ணமா?
– சட்டக் கல்லூரி மாணவி

நல்லெண்ணத்துக்கு மேலே ஒரு தாள் இருக்கிறது. 1991 அக்டோபரில் பாரிசில் நடந்த பயிலரங்கில், ஒரு தேசிய மனித உரிமை நிறுவனம் எப்படி இருக்க வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று எழுதப்பட்ட பாரிஸ் கோட்பாடுகளை 1993 டிசம்பர் 20 அன்று ஐ.நா. பொதுச்சபை 48/134 என்ற தீர்மானத்தின் வழியே ஏற்றது. ஆணையத்தின் பொறுப்புகளைப் பட்டியலிடும் பகுதியில் ஐ.நா. அமைப்புகள், வட்டார அமைப்புகள், பிற நாடுகளின் தேசிய நிறுவனங்கள் ஆகியவற்றோடு ஒத்துழைப்பதும் ஒரு பொறுப்பாகவே வருகிறது. அதைச் சலுகை என்றோ கூடுதல் வேலை என்றோ அந்த ஆவணம் சொல்லவில்லை.

பொதுச்சபைத் தீர்மானம் எந்த நாட்டையும் சட்டப்படி கட்டாது. ஆகவே உள்நாட்டுச் சட்டத்தையும் பார்த்தே ஆக வேண்டும். பல சட்டங்களில் வெளிநாட்டு ஆணையம் பற்றி ஒரு சொல்கூட இருக்காது. அப்போது கைகொடுப்பது பணிகளின் பட்டியலில் கடைசியாக வரும் பொதுப் பிரிவு. இந்தியாவின் 1993ஆம் ஆண்டு மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில் பிரிவு 12 இப்படித்தான் முடிகிறது: மனித உரிமைக்காகத் தேவை என்று ஆணையம் கருதும் பிற பணிகள். அந்த ஒரு வரியை நம்பிக் கடிதம் எழுதலாம், கூட்டம் கூட்டலாம், பயிற்சி நடத்தலாம். சம்மன் அனுப்ப முடியாது. சிவில் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு என்பதெல்லாம் நாட்டெல்லை வரைக்கும்தான்.

இரு பக்கமும் சட்டம் போட்டு ஒத்துழைப்பைக் கட்டாயமாக்கியது அரிது. நல்ல உதாரணம் அயர்லாந்துத் தீவு. வட அயர்லாந்து மோதலை முடிக்கச் செய்த 1998ஆம் ஆண்டு பெல்ஃபாஸ்ட் ஒப்பந்தம், வட அயர்லாந்து ஆணையமும் அயர்லாந்துக் குடியரசின் ஆணையமும் பிரதிநிதிகளை அனுப்பி ஒரு கூட்டுக் குழு அமைக்க வேண்டும் என்றது. தலைவர்கள் மாறினாலும் ஆட்சிகள் மாறினாலும் அந்தக் குழு கூடியாக வேண்டும். மற்ற இடங்களில் பெரும்பாலும் இரண்டு தலைவர்களின் பழக்கம் முடிந்ததும் ஒத்துழைப்பும் முடிந்துவிடுகிறது.

ஆசிய பசிபிக் மன்றம், உலகக் கூட்டணி, தென்கிழக்கு ஆசிய மன்றம் என்று பெயர்கள் குழப்புகின்றன. யாருக்கு மேல் யார்?

மேல், கீழ் என்று எதுவும் இல்லை. ஜெனீவாவில் பதிவான, தேசிய மனித உரிமை நிறுவனங்களின் உலகக் கூட்டணி, 1993இல் தொடங்கிய பன்னாட்டு ஒருங்கிணைப்புக் குழுவின் இன்றைய வடிவம். 2016இல்தான் இந்தப் பெயர் வந்தது. ஓர் ஆணையம் பாரிஸ் கோட்பாடுகளுக்கு முழுதாக ஒத்துவந்தால் ‘ஏ’, ஓரளவே ஒத்துவந்தால் ‘பி’ என்று தகுதி வழங்கும் வேலை அதனிடம் இருக்கிறது. அதன் கண்ணில் உலகம் நான்கு வட்டாரங்கள்: ஆப்பிரிக்கா, அமெரிக்கக் கண்டங்கள், ஆசிய பசிபிக், ஐரோப்பா. ஒவ்வொன்றுக்கும் தனி வலையமைப்பு உண்டு. ஆப்பிரிக்க வலையமைப்பின் செயலகம் நைரோபியிலும் ஐரோப்பியச் செயலகம் பிரஸ்ஸல்சிலும் ஆசிய பசிபிக் மன்றத்தின் செயலகம் சிட்னியிலும் இருக்கின்றன.

ஆசிய பசிபிக் மன்றம் 1996இல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் பிறந்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் ஆணையங்கள் கூடி, அந்த மண்ணின் பூர்வகுடிகளான லாரக்கியா மக்களின் பெயரால் ஒரு பிரகடனம் வெளியிட்டன. மன்றம் 2002இல் ஆஸ்திரேலியச் சட்டப்படி உறுப்பினர் பொறுப்புறுதிக்குட்பட்ட நிறுவனமாக, அதாவது பங்குகள் இல்லாமல் உறுப்பினர்கள் ஒரு குறித்த தொகைக்கு மட்டும் பொறுப்பேற்கும் நிறுவனமாக, பதிவானது. இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் பதிவு இருந்தால்தான் சொந்த வங்கிக் கணக்கு, சொந்த ஊழியர், தணிக்கை எல்லாம் வரும். பதிவில்லாத மன்றத்தில் தலைமை ஆணையத்தின் மேசைதான் செயலகம். தலைமை கைமாறும்போது ஃபைல்களும் பெட்டியில் ஏறிப் பயணம் போகும்.

தென்கிழக்கு ஆசிய மன்றம் இதைப் பட்டு அறிந்தது. 2004இல் இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து ஆகிய நான்கோடு தொடங்கி, பின்னர் திமோர்-லெஸ்தெவும் மியான்மரும் சேர்ந்தன. தொடக்க ஆண்டுகளில் சுழல்முறைத் தலைமைதான் எல்லாவற்றையும் சுமந்தது.

தென்கிழக்கு ஆசிய நாடுகளின் ஆசியான் அமைப்பில் மனித உரிமை ஆணையம் என்று ஒன்று இருக்கிறதே. இதுவும் அதுவும் ஒன்றா?

இல்லை. 2009இல் தொடங்கிய ஆசியான் ஆணையத்தில் இருப்பவர்கள் அரசுகள் நியமித்த பிரதிநிதிகள். முடிவுகள் ஒருமித்த கருத்தால் மட்டுமே. தனிநபர் புகாரை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரம் அதன் பணிவரையறையில் இல்லை. தேசிய ஆணையங்களின் மன்றம் அரசுகளுக்கு வெளியே நிற்பது, அல்லது நிற்க வேண்டியது.

ஐரோப்பாவுக்கு ஸ்ட்ராஸ்பர்கில், அமெரிக்கக் கண்டங்களுக்குக் கோஸ்டரிகாவின் சான் ஹோசேயில், ஆப்பிரிக்காவுக்குத் தான்சானியாவின் அருஷாவில் மனித உரிமை நீதிமன்றங்கள் உண்டு. ஆசியாவுக்கு அப்படி ஒன்று கிடையாது. அதனால்தான் ஆசியாவில் ஆணையங்களின் வலையமைப்பு மேல் எதிர்பார்ப்பு அதிகம். தாங்கக்கூடியதைவிட அதிகம் என்றே சொல்வோம்.

நீதிமன்றம் இருக்கும் வட்டாரத்தில் வலையமைப்புக்கு வேறொரு வேலை கிடைக்கிறது. சுவிட்சர்லாந்தின் முதிய பெண்கள் காலநிலை மாற்றம் தொடர்பாகத் தொடுத்த வழக்கில் ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் 2024 ஏப்ரல் 9 அன்று தீர்ப்பளித்தது. அதில் ஐரோப்பிய வலையமைப்பு மூன்றாம் தரப்பாக எழுத்து வாதம் அளித்திருந்தது. ஒரு தேசிய ஆணையம் தனியாகச் செய்தால் ‘அடுத்த நாட்டு விவகாரத்தில் தலையீடு’ என்று பேச்சு வரும். நாற்பதுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சேர்ந்து எழுதும்போது அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

என் தம்பி வெளிநாட்டில் வேலை பார்க்கிறான். முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார், ஐந்து மாதச் சம்பளம் நிலுவை. இரு நாட்டு மனித உரிமை ஆணையங்களும் சேர்ந்து உதவும் என்கிறார்கள். எப்படி அணுகுவது?

முதலில் அந்த நாட்டில் ஆணையம் இருக்கிறதா என்று பாருங்கள். சிங்கப்பூரிலும் ஜப்பானிலும் பாரிஸ் கோட்பாடுகளின்படி அமைந்த தேசிய நிறுவனம் கிடையாது. சவூதி அரேபியாவில் அரசு மனித உரிமை ஆணையம் உண்டு, உலகக் கூட்டணியின் தகுதி பெற்றதில்லை. கத்தாரில் ‘ஏ’ தகுதி பெற்ற ஆணையமே இருக்கிறது. நேபாள ஆணையம் தன் தொழிலாளர்களுக்காக அதனுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆணையமே இல்லாத நாடு என்றால் இந்த வழி அடைபட்டது என்று வைத்துக்கொண்டு, தூதரகம், தொழிலாளர் நீதிமன்றம், ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் (குறிப்பிட்ட ஓர் உரிமைப் பிரச்சினையைக் கவனிக்க நியமிக்கப்பட்ட தனி நிபுணர்) என்று போக வேண்டியதுதான்.

ஆணையம் இருந்தால், அடுத்த கேள்வி புகாரை யார் மீது எழுதுவது. பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். ‘முதலாளி சம்பளம் தரவில்லை’ என்று மட்டும் எழுதினால் பல ஆணையங்கள் ‘தனியார் தகராறு’ என்று ஓரிரு வரியில் மூடிவிடும். அரசு ஊழியரின் மீறல், அல்லது மீறலைத் தடுக்கத் தவறிய அரசு ஊழியரின் அலட்சியம், இவைதான் பெரும்பாலான சட்டங்களில் ஆணையத்தின் எல்லை. ஆகவே தொழிலாளர் அலுவலகத்தில் எந்தத் தேதியில் முறையிட்டார், என்ன பதில் வந்தது, காவல் நிலையம் புகாரை எழுதிக்கொள்ள மறுத்ததா, குடியேற்ற அலுவலகம் அவரையே பிடித்து வைத்ததா என்பவற்றை முன்னே வையுங்கள். இன்னும் எங்கும் முறையிடவில்லை என்றால் முதலில் அதைச் செய்யச் சொல்லுங்கள். வாய்மொழியாகப் போதாது, ரசீதோ பதிவு எண்ணோ வேண்டும்.

புகாரை இரு ஆணையங்களுக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். ஒன்றில் மற்றதைக் குறிப்பிடுங்கள். நகல் போட்டிருக்கிறோம் என்ற ஒரு வரி இருந்தால்தான் இங்குள்ள அதிகாரி அங்குள்ளவருக்கு மின்னஞ்சல் அனுப்ப ஒரு காரணம் கிடைக்கும். முதல் பக்கம் சுருக்கம் மட்டும்: யார், எங்கே, என்ன நடந்தது, என்ன வேண்டும். காவலில் இருக்கிறார், உடல்நிலை மோசம், நாடுகடத்தும் தேதி குறித்துவிட்டார்கள் என்பது போன்ற அவசரம் இருந்தால் அதுவே முதல் வரி. பின்னால் நாள் வரிசைப்படி நிகழ்வுகள். இணைப்பாகப் பாஸ்போர்ட்டின் முகப்புப் பக்கம், விசா, வேலை ஒப்பந்தம், சம்பளம் வந்த மாதங்களின் வங்கிப் பதிவு. ஒப்பந்தம் இரண்டு மொழியில் இருந்தால் இரண்டையும் வையுங்கள், தொகை இரண்டிலும் ஒன்றாக இருக்காது என்பது அடிக்கடி காண்பது. முதலாளி நிறுவனத்தின் பெயரை அந்த நாட்டு எழுத்திலேயே எழுதி, பதிவு எண்ணும் கிடைத்தால் சேர்த்துவிடுங்கள். ஒலிபெயர்த்து எழுதிய பெயரை வைத்து எந்த அலுவலகமும் நிறுவனத்தைத் தேடிக் கண்டுபிடிக்காது.

மறந்தே போகிற ஒன்று சம்மதக் கடிதம். தம்பி கையெழுத்திட்டு, தன் பெயரை யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக்கூடாது என்று இரண்டு வரி எழுத வேண்டும். கையெழுத்துக்கு வழியில்லை என்றால் தேதி சொல்லிப் பேசிய குரல் பதிவாவது இருக்கட்டும். இது இல்லாமல் அங்குள்ள ஆணையம் நிறுவனத்துக்கு நேரே கடிதம் எழுதி, மறுநாளே ‘ஓடிப்போனவர்’ என்று முதலாளி தம்பி மீது எதிர்ப்புகார் கொடுக்கலாம்.

கேட்பதையும் அளவோடு கேளுங்கள். சம்பளத்தை வாங்கித் தா என்று ஆணையத்திடம் கேட்டால் அதனால் முடியாது, அதன் கையில் இருப்பது பரிந்துரை மட்டும். பாஸ்போர்ட்டைத் திருப்பித்தர அதிகாரிகளிடம் வலியுறுத்தவும், தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்கவும், மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்யச் சொல்லவும், காவலில் இருந்தால் நேரில் போய்ப் பார்க்கவும் அதனால் முடியும்.

காலக்கெடு தனித்தனி. நிகழ்வு நடந்து ஓராண்டு தாண்டினால் இந்திய ஆணையம் விசாரிக்கச் சட்டம் தடுக்கிறது. இலங்கையில் ஒரு மாதத்துக்குள் ஆணையத்தில் முறையிட்டால், உச்ச நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போடுவதற்கான ஒரு மாதக் கணக்கில், ஆணையத்தில் விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் சேராது. மலேசியாவில் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் ஆணையம் விசாரிக்க முடியாது. ஒரு நாட்டில் புகார் கொடுத்துவிட்டோம் என்பதற்காக இன்னொரு நாட்டின் கெடு காத்திருக்காது. ஆகவே தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போவதா, ஆணையத்துக்குப் போவதா, எதை முதலில் என்பதை அந்த நாட்டு வழக்கறிஞரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

பதிவு எண் வந்ததும் அதை மற்ற ஆணையத்துக்கும் தெரிவியுங்கள். அதன் பிறகு மாதத்துக்கு ஒரு நினைவூட்டல். அதே எண்ணைப் போட்டு, புதிதாக நடந்ததை மட்டும் எழுதுங்கள். முழுக் கதையையும் திரும்ப எழுதினால் புதுப் புகாராகப் பதிந்துவிடுவார்கள். அப்புறம் ஒரே ஆளுக்கு இரண்டு ஃபைல், இரண்டும் அரைகுறை.

இரண்டு ஆணையங்களுக்கு இடையே புரிந்துணர்வு ஒப்பந்தம் எழுதும் பொறுப்பு எங்கள் பிரிவுக்கு வந்திருக்கிறது. முன்மாதிரிகள் எல்லாம் மூன்று பக்கம் வாழ்த்துரை போல இருக்கின்றன. எதைச் சேர்க்க வேண்டும்?
– ஆணைய அலுவலர்

வாழ்த்துரையை ஒரு பத்தியில் முடித்துவிட்டு நேரே வேலைக்கு வாருங்கள்.

தொடர்பு அலுவலர் என்று ஆளின் பெயரை எழுதாதீர்கள், பதவியின் பெயரை எழுதுங்கள். ஒன்று போதாது, இரண்டு பதவிகள் வேண்டும். மின்னஞ்சல் முகவரியும் பதவிக்கு உரியதாக இருக்கட்டும். இந்த ஒப்பந்தங்கள் செயலிழக்கப் பெரும்பாலும் கொள்கை வேறுபாடு காரணமில்லை. அந்த ஒருவர் மாற்றலாகிப் போனார், அவருடைய அஞ்சல்பெட்டியில் கடிதங்கள் படிக்கப்படாமல் கிடந்தன, அவ்வளவுதான்.

காலவரை வையுங்கள். கடிதம் கிடைத்தது என்று சொல்ல ஏழு நாள், எடுத்துக்கொள்கிறோமா இல்லையா என்று சொல்ல முப்பது நாள், காவல் அல்லது உயிர் ஆபத்து சார்ந்ததில் ஒரே வேலைநாள் என்பது நடைமுறைக்கு ஒத்துவரும் அளவு. ‘விரைவாக’ என்ற சொல் ஒப்பந்தத்தில் இருந்தால் அடித்துவிடுங்கள். எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றால் காரணம் ஒரு வரியில் சொல்ல வேண்டும் என்பதும் இருக்கட்டும். புகார்தாரருக்கு அந்தக் காரணம் அடுத்த கதவைத் தட்ட உதவும்.

மொழி. எந்த மொழியில் கடிதம், இணைப்புகளை யார் மொழிபெயர்ப்பது, செலவு யாருடையது. எல்லா இணைப்பையும் மொழிபெயர்க்க வேண்டும் என்று எழுதிவிட்டால் முதல் ஃபைலே மூன்று மாதம் மொழிபெயர்ப்பாளரிடம் கிடக்கும். முதல் பக்கச் சுருக்கத்தை மட்டும் அனுப்புகிறவர் மொழிபெயர்ப்பார், மற்றவை பெறுகிறவர் கேட்டால் மட்டும் என்று வைத்துக்கொள்வது நல்லது.

தகவல் பாதுகாப்புதான் கடினமான பகுதி. புகார்தாரரின் பெயர், நோய் விவரம், குடியேற்ற நிலை ஆகியவற்றை மூன்று நிலையாகப் பிரியுங்கள்: மற்ற ஆணையம் மட்டும் அறியலாம், அந்த நாட்டு அதிகாரிகளிடம் சொல்லலாம், வெளியிடலாம். ஒவ்வொரு நிலைக்கும் புகார்தாரரின் தனிச் சம்மதம். பெறுகிற நாட்டின் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் யாராவது ஃபைலைக் கேட்டால் என்ன செய்வது என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். ஆவணமற்ற குடியேறியின் முகவரி ஆணையத்தின் ஃபைல் வழியாகக் குடியேற்றத் துறைக்குப் போய்விட்டால் அதற்குப் பரிகாரமே இல்லை.

ஓர் ஆணையம் பதிவு செய்த வாக்குமூலம் மற்ற நாட்டில் சாட்சியமாகுமா? பொதுவாக ஆகாது. நீதிமன்றங்களுக்கு இடையில் சாட்சியம் போவதற்கு அரசுகளுக்கிடையிலான சட்ட உதவி ஒப்பந்தம் வேண்டும், ஆணையங்கள் அதற்குள் வருவதில்லை. ஆகவே ‘ஆணையத்தின் சொந்த விசாரணைக்கான தகவலாக மட்டும் பயன்படும்’ என்று எழுதுங்கள். மிகையாக எழுதினால் பின்னால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதையே பிடித்துக்கொள்வார்.

யார் முதலில் பத்திரிகைக்குப் பேசுவது, ஒருவர் அறிக்கை வெளியிடுமுன் மற்றவருக்கு எத்தனை நாள் முன்பு அனுப்புவது, காலாவதி எப்போது, ஒரு தரப்பு ‘பி’ தகுதிக்கு இறங்கினாலோ கலைக்கப்பட்டாலோ நிலுவை ஃபைல்கள் என்னவாகும். கடைசியாகச் சொன்னதை எழுத எல்லோருக்கும் கூச்சம். ஆனால் எழுதியே ஆக வேண்டியது அதுதான்.

வெளியுறவு அமைச்சகத்தின் ஒப்புதல் வேண்டுமா என்ற கேள்வி எப்போதும் எழும். இது அரசுகளுக்கிடையிலான உடன்படிக்கை ஆகாது. ‘பன்னாட்டுச் சட்டத்தின் கீழ் கடமைகளை உருவாக்காது’ என்ற வரியைச் சேர்த்து, அமைச்சகத்துக்குத் தகவலாக அனுப்புங்கள். அனுமதி கேட்டு அனுப்பினால் அனுமதி தரும் அதிகாரத்தை நீங்களே கொடுத்தவர் ஆவீர்கள்.

ஓர் ஆணையம் வெளிநாட்டுக்குப் போய் விசாரணை நடத்தியதுண்டா?

உண்டு. பிலிப்பைன்ஸ் ஆணையம், பெரிய எரிபொருள், சிமென்ட் நிறுவனங்கள் நாற்பத்தேழின் மீது 2015இல் வந்த காலநிலை மனுவை எடுத்துக்கொண்டு, 2018இல் மணிலாவில் மட்டுமல்லாமல் நியூயார்க்கிலும் லண்டனிலும் அமர்வுகள் நடத்தியது. நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தி வரவழைக்கும் அதிகாரம் அதற்கு அங்கே இல்லை. வந்தவர்கள் தாமாக வந்த அறிஞர்களும் சாட்சிகளும்தான். 2022இல் அறிக்கை வெளியானது.

தாய்லாந்து ஆணையம் வேறு வழியில் போனது. கம்போடியாவின் கோ கோங் மாகாணத்தில் கரும்புத் தோட்டத்துக்காக நிலம் இழந்தவர்கள், அதில் தாய்லாந்து நிறுவனத்துக்குப் பங்கு இருக்கிறது என்று பாங்காக்கில் முறையிட்டார்கள். மீறல் கம்போடியாவில், நிறுவனத்தின் வேர் தாய்லாந்தில். தன் நாட்டு நிறுவனத்தை விசாரிக்கத் தனக்கு உரிமை உண்டு என்று ஆணையம் எடுத்துக்கொண்டு 2015இல் இறுதி அறிக்கை தந்தது. கம்போடியாவில் கூட்டாளியாக நிற்கப் பாரிஸ் கோட்பாடுகளின்படியான ஆணையம் இல்லை என்பதையும் கவனியுங்கள். இருந்திருந்தால் களப்பணி பாதியாகியிருக்கும்.

எங்கள் கருத்தில் எல்லை தாண்டி மிக நன்றாகப் பயணம் செய்தது வழக்கைவிட வேலைமுறை. ஒரே மாதிரியான நூறு புகார்களைத் தனித்தனியே தீர்க்காமல், நாடு தழுவிய ஒரே பொது விசாரணையாக நடத்துவது. ஆஸ்திரேலியாவில் பூர்வகுடிக் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டது பற்றிய விசாரணை 1997இல் 54 பரிந்துரைகளோடு முடிந்தது. ஆசிய பசிபிக் மன்றம் இந்த முறையைப் பயிற்சியாகவும் கையேடாகவும் ஆக்கி உறுப்பினர்களுக்குக் கொடுத்தது. மலேசிய ஆணையம் பழங்குடிகளின் நில உரிமை பற்றி இதே பாணியில் விசாரித்து 2013இல் 18 பரிந்துரைகள் தந்தது. அடுத்த ஆண்டு இந்தோனேசிய ஆணையம் வனப்பகுதிப் பழங்குடிகளின் நிலம் பற்றித் தொடங்கியது. ஒருவர் இடறிய இடத்தை அடுத்தவர் முன்கூட்டியே அறிந்துகொள்ள முடிந்தது. பொது அமர்வில் பேசிய சாட்சியைப் பிறகு யார் காப்பது, வரைபடத்தை யார் வரைவது, அரசுத் துறைகளை எந்தக் கட்டத்தில் அழைப்பது போன்றவை கையேட்டைவிட, நடத்தியவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால்தான் விளங்கும்.

‘ஏ’, ‘பி’ தகுதியை அண்டை நாட்டு ஆணையங்களே தீர்மானிக்கின்றனவாமே. நாளை நீ எனக்கு, இன்று நான் உனக்கு என்று ஆகிவிடாதா?

அந்தச் சந்தேகம் நியாயமானது, ஆனால் அமைப்பு அதற்கு ஓரளவு வேலி போட்டிருக்கிறது. தகுதியைப் பரிசீலிக்கும் உலகக் கூட்டணியின் துணைக்குழுவில் நான்கே பேர், வட்டாரத்துக்கு ஒருவர், எல்லோரும் ‘ஏ’ தகுதி ஆணையங்களிலிருந்து. தன் ஆணையத்தின் விண்ணப்பம் வரும்போது அந்த உறுப்பினர் விலகியிருக்க வேண்டும். செயலகப் பணியை ஐ.நா. மனித உரிமை உயர் ஆணையர் அலுவலகம் செய்கிறது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை எல்லோரும் மீண்டும் தேர்வெழுத வேண்டும், இடையில் புகார் வந்தால் சிறப்பு மறுஆய்வும் உண்டு. தகுதியைக் குறைக்கப் பரிந்துரைத்தால் உடனே இறக்குவதில்லை. ஆதாரம் காட்ட ஓராண்டு கொடுக்கிறார்கள்.

விளைவு வட்டாரத்திலும் தெரியும். ஆசிய பசிபிக் மன்றத்தில் ‘ஏ’ முழு உறுப்பினர். ‘பி’ இணை உறுப்பினர், கூட்டத்தில் உட்காரலாம், வாக்கு இல்லை. ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் தன் பெயரில் பேசும் உரிமையும் ‘ஏ’வுக்குத்தான். இலங்கை ஆணையம் 2007இல் ‘பி’க்கு இறங்கி 2018இல்தான் ‘ஏ’வுக்குத் திரும்பியது. இந்திய ஆணையத்தின் மறு அங்கீகாரம் 2023லும் 2024லும் ஒத்திவைக்கப்பட்டது. காவல்துறை அதிகாரிகள் விசாரணைப் பிரிவில் இருப்பது, ஆணையத்தின் சேர்க்கையில் பன்முகம் போதாமை போன்றவை துணைக்குழு எழுப்பிய குறைகள். இந்த அறிக்கைகள் வெளிப்படையானவை. உங்கள் நாட்டு ஆணையம் பற்றி அதில் எழுதியதை ஒரு முறை படியுங்கள், எந்த ஆண்டறிக்கையிலும் அவ்வளவு நேராக இருக்காது.

வெளிநாட்டு அமைப்புகளோடு பேசியதற்காக ஓர் ஆணையத்தின் மீதே அரசு பாய்ந்தால்?

நடந்திருக்கிறது. மாலத்தீவு ஆணையம் எல்லா நாடுகளின் மனித உரிமை நிலையையும் முறைவைத்துப் பார்க்கும் ஐ.நா.வின் உலகளாவிய காலமுறை மீளாய்வுக்கு அறிக்கை அனுப்பியது. 2014இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து ஆணைய உறுப்பினர்கள் மீது வழக்கெடுத்தது. 2015 ஜூனில் 11 அம்ச வழிகாட்டுதல் விதித்து, வெளி அமைப்புகளோடு ஆணையம் தொடர்பு கொள்வதையே கட்டுப்படுத்தியது. பாரிஸ் கோட்பாடுகள் பொறுப்பு என்று சொன்னதே குற்றமாகப் பார்க்கப்பட்டது.

இத்தகைய நேரத்தில் வட்டார வலையமைப்பு செய்யக்கூடியவை: அரசுத் தலைமைக்கு நேரடிக் கடிதம், பகிரங்க ஆதரவு அறிக்கை, ஐ.நா. அலுவலகத்துக்கு உடனடித் தகவல், தூதுக்குழு, சட்டக் கருத்துரை. வரிசை முக்கியம். அறிக்கைக்கு முன், சிக்கலில் இருக்கும் ஆணையத்திடமே எது உதவும், எது கெடுக்கும் என்று கேட்க வேண்டும். சில சமயம் வெளியிலிருந்து வரும் உரத்த ஆதரவு ‘அந்நியர் கைப்பாவை’ என்ற குற்றச்சாட்டுக்கு எண்ணெய் ஊற்றும்.

எல்லாம் செய்தும் பலிக்காத நேரமும் உண்டு. ஆப்கானிஸ்தான் ஆணையத்தைத் தாலிபான் 2022 மே மாதத்தில் கலைத்தது. அப்போது மிஞ்சும் வேலை, ஊழியர்களைப் பத்திரமாக வெளியேற்றுவதும் ஆவணங்களைக் காப்பதும். ஃபைல்களின் நகல் எங்கே இருக்கிறது என்று அமைதிக் காலத்திலேயே பக்கத்து ஆணையத்தோடு பேசி வைத்துக்கொள்ள வேண்டியது இதற்குத்தான்.

ஆண்டுதோறும் பிரகடனம் வெளியிடுகிறார்களே, யாராவது படிக்கிறார்களா?

எழுதியவர்கள் படித்திருப்பார்கள். பயன்படும் பிரகடனத்தை அடையாளம் காண ஒரு வழி: வினைச்சொற்களை மட்டும் கோடிடுங்கள். ‘வலியுறுத்துகிறோம், அங்கீகரிக்கிறோம்’ என்று வந்தால் மடித்து வைக்கலாம். 2007 ஜூனில் பாலியில் தென்கிழக்கு ஆசிய ஆணையங்கள் கையெழுத்திட்ட பிரகடனம், ஆள்கடத்தல், குடியேறிகள், பயங்கரவாத எதிர்ப்பில் உரிமைகள், பொருளாதார சமூக உரிமைகள், மனித உரிமைக் கல்வி என்று பொதுவாக எடுத்துக்கொள்ளும் தலைப்புகளையாவது பெயரிட்டது. அப்படிப் பெயரிட்ட தலைப்பில் உங்கள் அமைப்பு மனு கொடுக்கும்போது, அந்தப் பத்தியின் எண்ணைக் குறிப்பிட்டு ‘நீங்கள் ஒப்புக்கொண்டபடி’ என்று தொடங்குங்கள். கையெழுத்திட்ட ஆணையம் ‘எங்கள் எல்லைக்குள் வராது’ என்று பதில் எழுதுவதற்கு முன் ஒரு முறை தன் கையெழுத்தைப் பார்த்தாக வேண்டியிருக்கும்.